பூனுவின் ஒட்டுமீன்

எங்கள் கிவாயுத் தீவில் யாராவது அளவுக்கு மீறிப் பிடிவாதம் பிடித்தால், "நீ என்ன, தீமாவா?" என்று கேட்பார்கள். கிணற்றடியில் ஒருத்தி என்னிடமே அப்படிக் கேட்டாள். வேற்றூரிலிருந்து வாழ வந்தவள் அவள், நான் தீமாவின் ஓரகத்தி என்பது அவளுக்குத் தெரியாது. அண்ணன் பூனுவுக்கு வாக்கப்பட்டவள் தீமா. தம்பி கலேக்கு வாக்கப்பட்டவள் நான், பெயர் ஸலாமா. ஒரே முற்றம், ஒரே கிணறு, நடுவில் பவளக்கல் சுவர் ஒன்று. அவளைப் பற்றிப் பேச என்னைவிட உரிமையுள்ளவர் ஊரில் கிடையாது. அவளை ஏசவும் அப்படித்தான். அதனால் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

தீமா ஒல்லியானவள். சிரிக்கும்போது பல் தெரியக் கூடாதென்று கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கடல் வற்றும் நாட்களில் இரும்புக் கம்பியோடு பாறைத் திட்டுக்குப் போய் கணவாய் குத்தி வருவாள். மற்றப் பெண்கள் இரண்டு எடுப்பதற்குள் அவள் கூடை நிரம்பியிருக்கும். "மீதியைக் கடலுக்கே விட்டு வைடி, நாங்களும் பொழைக்கணும்ல" என்று நாங்கள் கத்துவோம். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை யாரும் அவள் முன்னால் சொல்வதில்லை, பின்னால் சொல்லாத நாளும் இல்லை.

பூனு ஆமை பிடிப்பவர். எங்கள் ஆட்கள் ஆமையை வலையிலோ ஈட்டியிலோ பிடிப்பதில்லை. ஒரு மீனை விட்டுத்தான் பிடிப்பார்கள். அந்த மீனின் தலைமேல் செருப்பின் அடிபோல வரிவரியாக ஒரு தட்டு இருக்கும். எதில் வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தெடுப்பது லேசில்லை. அதன் வால் மூட்டில் கயிறு கட்டி, ஆமை தெரிந்ததும் தண்ணீரில் விட்டால், போய் ஆமை ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான். ஆமை ஹராம் என்று பள்ளிவாசல் கத்தீப் அத்மான் வெள்ளிக்கிழமை தோறும் ஓதுவார். சனிக்கிழமை அவர் வீட்டுக்காரி சட்டியோடு வந்து நிற்பாள். "கிதாபுல ஒண்ணு, அடுப்புல ஒண்ணு" என்று பூனு சிரித்துக்கொண்டே அவளுக்குக் கொழுத்த துண்டாக வெட்டித் தருவார்.

ஒட்டுமீனுக்கு ஒரே ஓர் ஆள்தான். அவன்தான் தீனி போடுவான், அவன்தான் பேசுவான், அவன் குரலுக்குத்தான் அது வேலை செய்யும். கரையோரம் பாறைக்குள் இருக்கும் குழியில் கயிற்றோடு அதைக் கட்டி வைத்திருப்பான். அந்த ஆள் இறந்துபோனால் அவன் பெண்டாட்டி இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்து, "உன் ஆள் போயாச்சு, நீயும் போ" என்று சொல்லி விட வேண்டும். ஊர்க் கணக்கில் அந்த நாள்தான் அவன் மௌத்தான நாள். கடலில் போனவன் விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பு. உடல் கிடைக்காவிட்டால் அடக்கம் செய்யக் கபுர் இல்லை. மீன் கட்டிக் கிடக்கும்வரை அவனும் அந்தக் கயிற்றின் மறுமுனையில், கரைக்கும் வர முடியாமல் ஆண்டவனிடமும் போக முடியாமல் தவிப்பான். இது கத்தீபின் கிதாபில் இல்லை. எங்களுக்கு அது கிதாபுக்கு மேல்.

அது தென்காற்று மாதம். பூனுவும் என் வீட்டுக்காரரும் பெருநிலத்துக் கழிமுகத்துக்கு அலையாத்திக் கம்பு வெட்டப் போனார்கள். அன்றைக்கு ஆமை வேலை இல்லாததால் மீன் குழியிலேயே இருந்தது. திரும்பும்போது படகில் பாரம் அதிகம். பாறைத் திட்டின் வாயில் நுழையும் இடத்தில் அலை ஏறி உள்ளே விழுந்தது. "இறைடா! தலையைத் தூக்காத, இறை!" என்று பூனு சுக்கான் பக்கமிருந்து கத்தினாராம். கலே மரக் கோரியை எடுத்துக் குனிந்தவர், இறைத்தார், இறைத்தார், இறைத்துக்கொண்டே இருந்தார். படகு மிதந்ததும் நிமிர்ந்து பார்த்தால் சுக்கானில் ஆள் இல்லை.

எப்போது விழுந்தார், கூப்பிட்டாரா, எதுவும் கலேக்குத் தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. கிடைத்தது கொஞ்சம் கம்புகள்தான்.

நாங்கள் அழுதோம். தீமா அழவில்லை. மறுநாள் காலை கணவாய்க் குடலைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துக்கொண்டு பாறைக் குழிக்குப் போனாள். மீன் முதலில் அவள் கையிலிருந்து வாங்கவில்லை. அவள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, "அவர் வர்றவரைக்கும் என்கிட்டதான் சாப்பிடணும், வேற வழியில்ல" என்று அதட்டினாள். மூன்றாம் நாள் வாங்கியது.

"அக்கா, புருஷன் போனவ வெள்ளை கட்டி உள்ளறையில இத்தா இருக்க வேண்டாமா? இல்லன்னா அவர் ரூஹு அடங்காதே" என்று கேட்டேன்.

"யாரோட ரூஹு?" என்று திருப்பிக் கேட்டாள். "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு நான் வெள்ளை கட்டணுமா?"

"உயிரோட இருந்தா எங்க இருக்கார்?"

"அது எனக்குத் தெரியாது. இல்லைன்னும் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

வருஷங்கள் ஓடின. அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. கல்யாண வீட்டில் அவளை எங்கே உட்கார வைப்பதென்று பெண்கள் குழம்புவார்கள். அவள் மட்டும் மருதாணி வைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருவாள். "வந்துட்டா பாரு, கடலோட குடும்பம் நடத்துறவ" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்லுவாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்தச் சத்தம் முதலில் கலேக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு மற்றவர்களுக்கும் கேட்டது. பாறைத் திட்டின் வாயில், பட்டப்பகலில், மழைக்கு முன்னால் கடல்மேல் வெள்ளையாகப் புகை கட்டும் அல்லவா, அப்போது. சளக், சளக் என்று யாரோ படகிலிருந்து தண்ணீர் இறைக்கும் சத்தம். படகு தெரியாது. ஆள் தெரியாது. "யாரது?" என்று குரல் கொடுத்தால் நிற்கும். துடுப்பை எடுத்ததும் மறுபடி தொடங்கும். நானே ஒரு தடவை கேட்டேன். சிப்பி பொறுக்கப் போன இடத்தில். நனைந்த துணியோடு வீட்டுக்கு ஓடிவந்து கதவை அடைத்தேன், பகல் புழுக்கத்தில் எனக்குப் பல் கிட்டியது.

படகுகள் சுற்றுவழியில் போக ஆரம்பித்தன. அதனால் நஷ்டம் ஊருக்கு. எனக்கு நஷ்டம் வேறு. கலே கடலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையைத் தைப்பார். பேச்சுக் குறைந்துபோனது. ஒரு மத்தியானம் தேங்காய்ப்பால் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். கிண்ணத்தைக் கையில் எடுத்தவர், அதைக்கொண்டு குழம்பைக் கோரிக் கோரிப் பாய்க்கு வெளியே ஊற்றினார். நிதானமாக, தலையைத் தூக்காமல். என் பெண் பிள்ளைகள் இரண்டும் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவர் கையைப் பிடித்ததும், "விடு ஸலாமா, மூழ்கிடும்" என்றார்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. நேராகச் சுவரைச் சுற்றிக்கொண்டு தீமா வீட்டுக்குப் போனேன்.

"மீனை அவுத்து விடுங்க" என்றேன்.

"உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கு என்ன வரல? உங்க புருஷன் அங்க கயித்துல தொங்குறார், அவர் இறைக்கிற தண்ணி எல்லாம் என் வீட்டுல வந்து விழுது. உங்க ஒருத்தியோட வீம்புக்கு என் குடும்பம் முழுகணுமா? கத்தீப் சொல்லியாச்சு, நாலு வருஷம் பொறுத்தது போதும், இத்தா இருக்கலாம்னு. இன்னும் என்ன?"

"வீம்புன்னா சொல்ற?"

"வீம்பு இல்லாம? இலவு காத்த கிளிக்குக்கூட ஒரு நாள் புத்தி வரும்."

தீமா எழுந்தாள். என்னைத் தாண்டி என் வீட்டுக்குள் போனாள். கலே இன்னும் அதே இடத்தில் இருந்தார். சிந்திய குழம்பில் ஈ மொய்த்தது. "மதினி, நான் தலையைத் தூக்கல, அண்ணன் தூக்காதன்னு சொன்னார்" என்று அவளிடம் சொன்னார், ஏதோ நேற்று நடந்ததைப் போல. தீமா அவர் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என் புருஷன் உயிரோட இருந்தா இதைப் பொறுத்துக்குவார். உன் புருஷனுக்கு அவ்வளவு நாள் இல்லை" என்றாள்.

அடுத்த வற்றுக்கடலில் பெண்கள் எல்லோரும் பாறைக் குழியருகே கூடினோம். ஆண்கள் தூரத்தில் நின்றார்கள். தீமா தண்ணீரில் இறங்கினாள். அந்த மீன் அவள் நிழல் பட்டதும் வந்து கையை முட்டியது. அவள் தீனி கொண்டுவரவில்லை. வாலில் கயிறு இருந்த இடம் காய்த்துப்போய் வெள்ளையாக இருந்தது. முடிச்சு இறுகிக் கிடந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.

"உன் ஆள் போயாச்சு" என்றாள். அதோடு நின்றுவிட்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மிச்சத்தையும் சொல்லாவிட்டால் செல்லாது. மீன் அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. "நீயும் போ" என்று கடைசியில் சொல்லி, கையால் தண்ணீரைத் தள்ளினாள். அது குழி விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் போனது.

கரையேறியதும் குரல் விட்டு அழுதாள். இத்தனை வருஷமும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தேன். வளையலைக் கழற்றினோம், வெள்ளை கட்டினோம், உள்ளறையில் பாய் போட்டோம். நாலு மாதம் பத்து நாள். வேற்று ஆண் குரல்கூட உள்ளே போகக் கூடாது. சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும் துணி துவைப்பதும் என் பொறுப்பு.

காற்று திரும்பி வடகாற்று வீச ஆரம்பித்தது. வடக்கிலிருந்து கருவாடும் பேரீச்சையும் ஏற்றி வரும் படகுகள் வந்தன. அதில் ஒரு மாலுமி தண்ணீர் பிடிக்க இறங்கினான். கிணற்றடியில் என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, "உன்னை மாதிரியே ஒருத்தர் வடக்கே கிஸ்மாயு துறைமுகத்துல சுறாக் கருவாடு போடுறார். அவரும் கிவாயுதானாம், பூனுன்னு பேரு. சொந்தமா?" என்று கேட்டான்.

கலேயின் கையிலிருந்து வாளி கிணற்றுக்குள் விழுந்தது.

மாலுமி சொன்னது இதுதான். அலையில் விழுந்தவர் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார். வடக்கே போன பாய்க்கப்பல் ஒன்று தூக்கிப் போட்டுக்கொண்டது. கிஸ்மாயுவில் இறக்கியது. அங்கே வேலை, பிறகு ஒரு வீடு, பிறகு அந்த வீட்டுக்காரரின் மகள். இப்போது இரண்டு ஆண் குழந்தைகள். "நல்ல மனுஷன், தமாஷா பேசுவார்" என்றான்.

வருஷா வருஷம் வடகாற்றில் இருபது படகு வருகிறது. ஒரு படகில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

கத்தீப் அத்மான் மூச்சிரைக்க வந்து முற்றத்தில் நின்றார். உள்ளே போகக் கூடாது என்பதால் என்னிடம்தான் சொன்னார்.

"இத்தா செல்லாதும்மா. புருஷன் இருக்கான். வெள்ளையை மாத்தச் சொல்லு, வெளிய வரச் சொல்லு. அல்ஹம்துலில்லாஹ், நல்ல சேதிதானே!"

நான் உள்ளே போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்த மாலுமி சொன்ன இரண்டு குழந்தைகளையும் விடாமல் சொல்லிவிட்டேன். தீமா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை.

"கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன். அவர் உயிரோட இருக்கார்னு நான் ஒருத்திதான் சொன்னேன். அப்போ ஊரே சிரிச்சுது. கத்தீபும்தான் சிரிச்சார்." மணி உருண்டது. "இப்போ மீன் போயாச்சு. போன மீன் கூப்பிட்டா வருமா?"

"மீனா முக்கியம்?"

"உனக்கு அன்னைக்கு முக்கியமா இருந்துச்சே."

அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "யாருக்காக அந்த மீனுக்குத் தினம் தீனி போட்டேனோ, அந்தப் பூனுவை எனக்குத் தெரியும். கிஸ்மாயுல இருக்கிறவரை எனக்குத் தெரியாது. போய்ச் சோத்தை எடுத்துட்டு வா, பசிக்குது" என்றாள்.

கத்தீபிடம், "வரமாட்டாளாம்" என்றேன். அவர் தலையில் கைவைத்து, "ஒரு பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது" என்று முனகிக்கொண்டே போனார்.

கலே மட்டும் அன்றைக்குப் புது ஆளானார். அண்ணன் இருக்கிறார், தான் கொன்றுவிடவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலையில் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனார். நான் தொழுது துஆ செய்தேன், விட்டது சனியன் என்று. மத்தியானம் திரும்பி வந்தவர், மீனை முற்றத்தில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"கேக்குது" என்றார்.

"என்ன கேக்குது? அண்ணன்தான் அங்க கருவாடு காயப்போட்டுக்கிட்டு இருக்காரே!"

"அண்ணன் இல்ல ஸலாமா. நான் கிட்டப் போய்க் கேட்டேன். அது என் கை. நான் இறைக்கிற மாதிரியேதான், ரெண்டு வேகமா, ஒண்ணு மெதுவா. அன்னைக்குக் குனிஞ்சவன் இன்னும் நிமிரல." சொல்லிவிட்டுக் கை கழுவி, சாப்பாடு கேட்டார். குழம்பை ஒழுங்காகச் சாப்பிட்டார். இன்றுவரை கடலுக்குப் போகிறார், வருகிறார். அந்தச் சத்தம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு துடுப்புப் போடுவாராம். உயிரோடிருப்பவனுக்கே ஆவி உண்டென்றால் யாரிடம் போய்த் தாயத்து வாங்குவது?

வடகாற்று ஓயும் சமயத்தில் பூனு வந்தார். முதலில் பார்த்தவர்கள் கிணற்றடிப் பெண்கள். குடத்தைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒருத்தி குர்ஆனின் யாஸீன் சூராவை உரக்க ஓதிக்கொண்டே ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டு, "அடியே, கால் தரையில படுது பாரு" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினாராம். சதை போட்டிருந்தார். தோளில் புதுத் துணி மூட்டை. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் போனது பாறைக் குழிக்கு. வெறும் குழியைப் பார்த்துவிட்டு, "என் மீன் எங்க?" என்று கேட்டாராம். பின்னால் வந்த பிள்ளைகள் கடலைக் கைகாட்டினார்களாம்.

நான் அப்போது உள்ளறையில் தீமாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் காலடி கேட்டது. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"தீமா" என்றது குரல். "நான்தான்."

என் கையிலிருந்து சீப்பு விழுந்தது. நாலரை வருஷமாகக் கடலில் தேடிய குரல். தீமாவின் தலை என் கைகளுக்கு நடுவில் இருந்தது, அது நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேற்று ஆணுக்குக் கேட்கும்படி பெண்கள் பேசும் அந்தத் தட்டையான குரலில் பேசினாள்.

"ஸலாமா, வெளிய யாரோ ஆம்பளை நிக்கிறார் போல. இந்த வீட்டுல இத்தா நடக்குதுன்னு அவருக்குத் தெரியாது. சொல்லி அனுப்பு."

"யாருக்கு இத்தா?" என்று அவர் கேட்டார். கிண்டலாகக் கேட்க நினைத்திருப்பார். வரவில்லை.

"என் புருஷனுக்கு" என்றாள் தீமா, என்னைப் பார்த்துக்கொண்டே. "ஆமை பிடிக்கிறவர். தென்காற்றுல போயிட்டார். நல்ல மனுஷன். என்னை ஒரு நாள்கூட அழ வச்சதில்ல. அவர் இருந்திருந்தா எப்படியாவது எனக்குச் சேதி அனுப்பியிருப்பார். வந்தவர் வந்ததுக்கு, அவருக்காக ஒரு துஆ செஞ்சுட்டுப் போகச் சொல்லு."

சொல்ல என்ன இருக்கிறது, எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். மூட்டை தரையில் விழும் சத்தம் வந்தது. கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பூனு கொளுத்தும் வெயிலில் நின்று இரண்டு கைகளையும் ஏந்தியிருந்தார். உதடு அசைந்தது. அல்ஹம்து சூராவை ஓதி, கடலில் இறந்த பூனுவின் பாவங்களை மன்னிக்கும்படி, அவன் பெண்டாட்டிக்குப் பொறுமை கொடுக்கும்படி, பெயரைச் சொல்லியே கேட்டார்.

ஓதி முடியும்வரை தீமா அசையவில்லை. முடிந்ததும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு, "ஆமீன்" என்றாள்.